மெரின் சிபாரிசு செய்யாத இரண்டாம் பாதி

ஹோபார்ட் நகரில் எங்கள் சமூக வானொலியில் செவ்வாய் மதியம் நான் தோட்டக்கலை பற்றிப் பேசுவேன். எனக்கு அடுத்து மெரின் டல்லக். மற்ற நாட்களில் அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். செவ்வாயன்று மட்டும், உலகின் எந்தெந்த மூலையிலோ யார் யாரோ செய்த புதுவகை மின்னணு இசை ஆல்பங்களைத் தேடிப் பிடித்துவந்து போடுவாள். பல்லைக் குடையும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் காது இப்படி ஆகிவிட்டது என்று நாங்கள் கேலி செய்வோம். "அந்த மெஷின் கடவாய்ப்பல்லுல ஒரு மாதிரி பாடும், முன்பல்லுல வேற மாதிரி பாடும், தெரியுமா?" என்பாள்.

மலையில் பனி கொட்டிய ஒரு செவ்வாய், லாட்வியாவிலிருந்து வந்த ஆல்பம் ஒன்றைப் போட்டுவிட்டு ஹெட்போனில் ரசித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஹியூவான் பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரர் நெவில். வாராவாரம் திட்டுவதற்கென்றே கூப்பிடும் மனிதர்.

"தங்கம், இது என்ன ஆல்பம்? நீ போட்டதுலயே இதுதான் உருப்படி!"

மெரினுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னும் சிலர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அப்போது எங்கள் தொழில்நுட்பக்காரர் கிளைவ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்க மெரின்! மலை மேல டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போச்சு. இவ்வளவு நேரம் வெறும் இரைச்சல்தான் போயிட்டிருக்கு!"

அவள் முகம் சிவந்துவிட்டது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிரான்ஸ்மிட்டர் சரியானதும் நேயர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நெவில் மறுபடி கூப்பிட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும், அது எங்க கிடைக்கும்?"

லான்செஸ்டனில் ஒட்டிலி என்ற பெண் அந்த இரைச்சலைப் பதிவு செய்திருந்தாள். அதை வைத்தே ஓர் ஆல்பம் செய்து, அட்டையில் மெரினுக்கு நன்றி போட்டு அனுப்பினாள். இனி ஒரே புகழ்மாலைதான் என்று நினைத்தோம். மெரின் அதைப் பேருந்திலும் பாத்திரம் கழுவும்போதும் வாரம் முழுக்கக் கேட்டாள். செவ்வாயன்று ஒலிபரப்பில் சொன்னாள்:

"முதல் பாதி அற்புதம், பனி விழுறது காதுல கேக்குது. ரெண்டாவது பாதியில டிரம் சேர்த்திருக்காங்க. கோளாறுக்கு எதுக்குங்க டிரம்? பாதியோட நிறுத்திக்குங்க."

பாட்டு ஓடும்போது கிளைவ் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! அட்டையில உனக்கு நன்றி போட்டிருக்காங்களே!"

"அதுக்கு? அட்டையா பாடுது?"

சற்று நேரத்தில் ஒட்டிலியே கூப்பிட்டாள். மெரின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரரும் அதேதான் சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல" என்றாள் ஒட்டிலி.

அடுத்த மாதம் டிரம் இல்லாத ஆல்பத்தோடு அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள். சிப்பிக்கறி வைத்துச் சுட்ட எங்கள் ஊர்ப் பண்டத்தை ஆளுக்கொன்று தின்றபடி ஸ்டுடியோவில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டோம். கிளைவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. டிரான்ஸ்மிட்டர் மீட்டரின் முள்ளைப் பார்ப்பதும் மெரினைப் பார்ப்பதுமாக நின்றார்.

"இது ஆல்பந்தானே? நிச்சயமா ஆல்பந்தானே?"