பதினொன்றால் பிரியாத எண்

அன்று சின்ன மாமா என் கையில் தந்த கொப்பித் தாளின் அடியில் கோடிட்டு ஓர் எண் இருந்தது: 44200.

உம்மாவின் வாப்பா மௌத்தான பிறகு வயல் பிரிபடாமலே கிடந்தது. அவருக்கு ஐந்து ஆண்பிள்ளைகளும் உம்மாவும். மனைவி முந்தியே போய்விட்டார். ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று என்பது மார்க்கத்தின் கணக்கு. ஆக, பதினொன்று. இடையில் மூன்று மாமாமார் மௌத்தாகிவிட, அவர்களுடைய மனைவி மக்களுக்கும் பின்னம் விழாமல் பிரிய, மொத்தப் பங்குகளாக ஒரு பெரிய எண் வேண்டியிருந்தது. ஊரில் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிற ஆள் சின்ன மாமாதான். பதின்மூன்று, பதினேழு போன்ற பிடிவாதக்கார எண்கள் குறுக்கே வந்தால், அப்படியே பெருக்கிக்கொள்வதைத் தவிர வழியில்லை என்பார்.

நிந்தவூரில் மூத்த மாமாவின் வீட்டில், அசர் தொழுகைக்குப் பிறகு கூடியிருந்தோம். கையொப்பம் வைக்கப் பேனையும் தயார். நான் கணிதம் படிப்பிக்கிறவள். "மகள், ஒருக்காச் சரிபாருங்க" என்று தாளை நீட்டிய சின்ன மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்றுவிட்ட இலக்கங்களைக் கூட்டினேன். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நாலு. வித்தியாசம் இரண்டு; பதினொன்றால் வகுத்தால் அந்த இரண்டு மிஞ்சும். உம்மாவைச் சேர்த்திருந்தால் மிச்சம் வரவே வராது. ஐந்து ஆண்களை மட்டும் வைத்துத்தான் கணக்கைத் தொடங்கியிருக்கிறார்.

"மாமா, இது பதினொண்டால பிரியல்ல."

மூத்த மாமா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "கலியாணத்துக்கு ஊடு எடுத்தவக்கு வயலும் வேணுமா?" எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே கட்டிக்கொடுப்பார்கள். அதோடு அவள் பங்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊடு வாப்பா உசிரோட தந்தது காக்கா. இது அல்லாஹ் தந்த பங்கு." சின்ன மாமா தன் அக்காவான உம்மாவைக் காட்டி அண்ணனிடம் சொன்னார். "உங்களுக்குப் பயந்து லாத்தாவ உட்டுட்டன். புள்ள கண்டுட்டா."

44200ஐ வெட்டிவிட்டு, கீழே 48620 என்று எழுதினார். மூத்த மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டே கையொப்பமிட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. நான் கவனிக்காமல் விட்டிருந்தால்? இரண்டு எண்களுக்கும் இடையே 4420. அதுதான் உம்மாவின் பங்கு. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, "இவ்வளவு லேசா என்னய அழிக்கலாமா மகள்?" என்று உம்மா கேட்டார். அதன் பிறகு சின்ன மாமாவோடு நான் சரியாகக் கதைக்கவே இல்லை.

வயலை அளந்து பிரிக்கும் முன்னமே அவரும் மௌத்தானார். மாமியும் இல்லை. மூன்று மகன்மார், வீடு எடுத்த ஒரு மகள். எண் மறுபடியும் மாற வேண்டும்: மகளைச் சேர்த்தால் ஏழு பங்கு, விட்டால் மூன்று.

போன வாரம் மகன்மார் அதே தாளோடு வந்தார்கள். வாங்கவே கை கூசியது. 48620க்குக் கீழே 340340 என்று இருந்தது. ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று. அதனால்தான் 340 இரண்டு தரம் வந்து நிற்கிறது. ஏழு உள்ளே இருந்தது.

"தங்கச்சிய நீங்களாச் சேர்த்த?" என்று கேட்டேன்.

"நாங்க இல்ல லாத்தா. வாப்பா மௌத்தாக முந்தியே எழுதி வெச்சிட்டாரு."

தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். ஓம், அவருடைய கையெழுத்துத்தான்.