படைப்பதற்கு முன் எடுத்த பங்கு

இந்த ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. சனிக்கிழமைதோறும் எங்கள் சபையார் நாலைந்து பேர் மான்செஸ்டர் கடைத்தெருவில் குளிரில் நின்று சுவிசேஷத் துண்டுப்பிரதி கொடுக்கிறோம். "லவ்லி, தேங்க்யூ" என்று சிரித்து வாங்குகிறார்கள். பத்தடி தள்ளியிருக்கும் குப்பைத்தொட்டியில் அதே சிரிப்போடு போட்டுவிடுகிறார்கள். வந்த புதிதில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து, ஒருநாள் வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்றாள். அதை நம்பி இட்லிக்கு மாவரைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வாரம் அதே தெருவில் பார்த்து மறுபடியும் "லவ்லி" என்றாள். தொட்டியில் நனையாமல் கிடப்பதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும்போது, ஆண்டவரே, இது போதும் என்று அலுத்துப்போகிறது.

அப்போதெல்லாம் சிதம்பரத்துக் கமலா அக்கா நினைவுக்கு வருவார். கடலூரில் பிறந்த நான் கல்யாணமாகிச் சிதம்பரத்தில் குடியிருந்தபோது அடுத்த வீட்டுக்காரர். பொங்கலுக்குப் பொங்கல் கிண்ணத்தோடு வருவார். சாமிக்குப் படைத்ததைத் தொடக் கூடாது என்பது எங்கள் சபையில் கண்டிப்பு. நானும் வருஷா வருஷம் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். 2007 கிறிஸ்துமஸுக்கு, நெடுநாள் ஜெபித்து, அதிரச டப்பாவின் அடியில் ஒரு துண்டுப்பிரதி வைத்துக் கொடுத்தேன். அவர் இரட்சிக்கப்பட வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலை டப்பாவோடு வந்தார். "எஸ்தரு, அதிரசம் நல்லா இருந்திச்சி. இந்தத் தாளு வேணாம்மா. எனக்கு எங்க சாமியே போதும்" என்று எண்ணெய் துடைத்து மடித்த தாளைக் கையில் கொடுத்தார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி அக்கா முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பொங்கலன்று கதவைத் தட்டினார். கையில் அதே கிண்ணம்.

"படைக்கறதுக்கு முந்தியே ஒனக்குத் தனியா எடுத்துட்டேன். சாப்புடு."

"சாமிக்கு முந்தியா? ஒங்க மாமியார் ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"திட்டிக்கினுதான் கெடக்குறாங்க. வேற என்னா பண்றது, நீ துன்ன மாட்டியே."

நின்ற இடத்திலேயே கண்ணீரோடு சாப்பிட்டேன். ஒரே ஒரு வேண்டாமுக்கு நான் இடிந்துபோயிருந்தேன். அவர் என்னிடம் வருஷா வருஷம் எத்தனையோ வேண்டாம் வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார்.

அவர் இன்றுவரை மனம் மாறவில்லை. நானும் ஜெபிப்பதை விடவில்லை. இந்த வருஷப் பொங்கலன்று, ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் வழியில் போன் செய்தேன்.

"ஒன் பங்க எடுத்து வச்சிட்டுதான் படைச்சேன்" என்றார்.

"நான்தான் அங்க இல்லியேக்கா. யாருக்கு எடுத்து வச்சீங்க?"

"ஒனக்குதான்" என்றார்.

முந்தின நாள் பொறுக்கிய தாள்கள் பையில் இருக்க, பஸ்ஸுக்காகப் பனியில் நின்றேன். சிதம்பரத்தில் என் பங்கு ஆறிக்கொண்டிருந்தது.