எல்கடுவையில் நாலு சவர்க்காரச் சோதனை

இன்னைக்கு எல்கடுவத் தோட்டத்து மண்டபத்துல ஒரு பொருளாதாரச் சோதனை. கொழும்புலருந்து வந்த ஆய்வாளருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

ஆளுக்கு நாலு குளிக்கிற சவர்க்காரம். பக்கத்து அறையில இருக்கிற முகம் தெரியாத ஆளுக்கு விரும்பினா பங்கு கொடுக்கலாம். கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி ரெண்டு ரெண்டு கொடுத்தாங்க.

"இயல்பிலேயே நியாயமான மக்கள்"னு ஆய்வாளர் பூரிச்சுப்போய் எழுதிக்கிட்டார்.

ரெண்டு கொடுத்துட்டு வந்த செல்வி அக்கா என் காதுல சொன்னாங்க: "பின்னால நமக்கு வேலை பிரிச்சுக் கொடுக்கிற கணக்கப்பிள்ளை உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காரு. நாலையும் நானே வச்சுக்கிட்டா, பேராசைக்காரின்னு நாளைக்கு கொழுந்தே இல்லாத மோசமான மலைக்கு அனுப்புவாரு."

அவரை வெளிய இருக்கச் சொல்லுங்கன்னு ஆய்வாளர்கிட்ட கெஞ்சினேன்.

"மண்டபம் தந்ததே அவர்தான். அவர் இருந்தா என்ன? இது சாதாரண விளையாட்டு."

கொஞ்ச நேரத்துல கணக்கப்பிள்ளைக்கு போன் வந்து வெளிய போனார். அடுத்து வந்த ஆறு பேரும் நாலையும் பைக்குள்ள போட்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே போனாங்க.

ஆய்வாளருக்கு முகமே செத்துப்போச்சு. "இவங்க மட்டும் ஏன் இவ்வளவு சுயநலம்? வேற ஊர்க்காரங்களா?"

"ஆமா சார், கணக்கப்பிள்ளை இல்லாத ஊரு"ன்னேன்.

அதையும் எழுதிக்கிட்டார்.

அந்த ஊருக்கு எந்த பஸ் போகுதுன்னு தெரிஞ்சவங்க கீழ சொல்லுங்க. நானும் செல்வி அக்காவும் குடிபோகணும்.