இறக்கிய டிரோன்களை மறுபடி ஏற்றினோம்

இரண்டு வருடங்களுக்கு முன், பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் நடந்தது இது. டவர் எட்டாத ஊர்களுக்கு மூன்று டிரோன்களை வரிசையாக வானில் நிறுத்தி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணையத்தைக் கடத்துவோம். இங்கே பேசினால் அங்கே உடனே கேட்க வேண்டும். இடையில் எவ்வளவு தாமதம் என்று அளப்பது என் வேலை.

அன்று காலை தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு மலையடிவார ஊரில் சோதனை. சக ஊழியர் ஒருவரும் நானும் வேனில் போயிருந்தோம். சிக்னல் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஊரில் சொல்லியிருந்தோம். கோயில் படியில் ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, போனைச் சுவரில் சாய்த்து, அதன் முன் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ ரீல்ஸ் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

பேட்டரி குறைந்ததும் யாரிடமும் சொல்லாமல் டிரோன்களை இறக்கிவிட்டேன். அளவுகள் நன்றாக வந்த சந்தோஷம் எனக்கு.

அந்தப் பெண் குழந்தையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். வானத்தைக் காட்டினாள், போனைக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது. பின்னாலேயே வந்த அவளுடைய நாத்தனார்தான் விளக்கினாள்.

"அண்ணன், அண்ணி ரெண்டு பேருக்குமே காது கேக்காதுக்கா. கையாலதான் பேசிப்பாங்க. அண்ணன் பொம்மசந்திராவுல ஃபேக்டரி வேலை. பாறை மேல ஏறினா கொஞ்சம் சிக்னல் வரும், ஆனா வீடியோ நின்னு நின்னு வரும், கை அசையறது ஒண்ணும் புரியாது. பாப்பாவுக்குக் காது கேக்குதுன்னு மெசேஜ் போட்டோம். நம்பவே மாட்டேங்குறாரு. இப்பதான் காட்டப் போனாங்க, கட் ஆயிடுச்சு."

எனக்கு முகம் சுண்டிப்போனது. மாற்று பேட்டரி ஒரே ஒரு செட்தான் இருந்தது, அதுவும் மதியச் சோதனைக்கு. சக ஊழியரைப் பார்த்தேன்.

"மத்தியானம் டெஸ்ட் நின்னா ஆபீஸ்ல நம்மளத்தான் கேப்பாங்க மேடம்" என்றவர், குழந்தையைப் பார்த்தார். "சரி, ஏத்துங்க. சேர்ந்தே திட்டு வாங்கலாம்."

மறுபடி ஏற்றினோம். போனில் கணவர் வந்தார். நாத்தனார் குழந்தையின் பின்னால் நின்று கை தட்டினாள். குழந்தை சட்டென்று திரும்பியது. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். எதேச்சையாகத் திரும்பியிருக்கும் என்று கையால் சொன்னாராம். பிறகு போனை அருகில் பிடித்துக்கொண்டு, தானே வாயைத் திறந்து குரல் கொடுத்தார். சொல் ஏதுமில்லை, நீளமான ஒரு ஓசை மட்டும். அம்மாவின் தோளில் கிடந்த குழந்தை அந்த நொடியே போன் பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தது.

அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். குழந்தை கால்களை உதைத்துக்கொண்டு இன்னும் சிரித்தது. அவர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். இங்கே அவர் மனைவி அழுதுகொண்டே போனுக்கு முத்தம் கொடுத்தாள்.

மதியச் சோதனை நடக்கவில்லை. நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதினேன், திட்டும் வாங்கினோம். ஆனால் அன்றிலிருந்து எந்த ஊரிலும் டிரோனை இறக்கும் முன் ஒரு சுற்று நடந்து, யாராவது பேசி முடிக்காமல் இருக்கிறார்களா என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.