காலிலிருந்து கைக்கு வந்த விரல்

எங்கள் ஊரில் ஒருவர் தன் வேலையைத் தானே புகழ்ந்தால், இவருக்கு உடம்புக்கு என்னவோ என்று பக்கத்தில் இருப்பவர் கவலைப்படுவார். அதனால் எங்கள் டாக்டர் சுன்னிவா தன்னைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். எனக்கு அந்த அடக்கம் ஒத்துவராது. ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குக் கத்தரியும் ஊசியும் எடுத்துக் கொடுத்தே தலை நரைத்த நர்ஸ் நான். நார்வேயின் மேற்குக் கரை முழுக்கத் தேடினாலும் அவளைப் போலத் தையல் போட ஆள் கிடையாது. சொல்லிவிட்டேன்.

பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் மூக்கும் முகச்சுருக்கமும்தான் ஜனங்களுக்கு ஞாபகம் வரும். ஒரு கல்யாண விருந்தில், பக்கத்து நாற்காலிக்காரி தன் கன்னத்தை இழுத்துக் காட்டி, "இதைக் கொஞ்சம் தூக்கி விட முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியுமே. அப்படியே வாயையும் சேர்த்துத் தைச்சுடவா?" என்றாள் சுன்னிவா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளிடம் வருவது கொதிநீர் கொட்டிய குழந்தைகள், உதடு பிளந்து பிறந்த சிசுக்கள், புற்றுநோய்க்கு மார்பைக் கொடுத்த பெண்கள். எங்கள் நீச்சல் குளங்களில் இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் ஒன்றாக, துணியில்லாமல்தான் குளிக்க வேண்டும். மார்பை எடுத்த பிறகு ஒருத்தி வருஷக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. சுன்னிவா புது மார்பு அமைத்துக் கொடுத்தபின் ஒருநாள் அவள் குளத்திலிருந்து நேரே, ஈரத்தலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். "யாருமே என்னைத் திரும்பிப் பாக்கல!" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அன்றைக்கும் சுன்னிவா "நல்லது" என்றதோடு சரி.

டோர்லைவ் வந்தது ஒரு குளிர்காலத்தில். வெளித்தீவு மீனவர், அறுபதை நெருங்கியவர். விறகு பிளக்கும் மெஷினில் வலது கட்டைவிரல் போய்விட்டது. கூடவே தம்பி ஒட்வார், நெஞ்சோடு ஒரு மீன் பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தான்.

"விரலைப் பத்திரமா கொண்டாந்துட்டேன். கொஞ்சம்கூடக் கெடல பாரு" என்றான் பெருமையாக.

சுன்னிவா திறந்து பார்த்தாள். பிடித்த மீனை வைப்பதைப் போல, நொறுக்கின ஐஸுக்குள் விரலை அப்படியே புதைத்திருந்தான். ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் போட்டு, பையைத்தான் ஐஸ்மேல் வைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து மீனோடு கிடப்பவனுக்கு அது எங்கே தோன்றும்?

"காட் மீனா இருந்தா நல்ல விலைக்குப் போயிருக்கும், ஒட்வார். விரல் உறைஞ்சு செத்துப்போச்சு" என்றாள் மெதுவாக.

ஒட்வார் பெட்டியை மூடவும் மறந்து நின்றான். டோர்லைவ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கட்டைவிரல் இல்லாம தூண்டில் கயிறு பிடிக்க முடியாது. படகை வித்துட வேண்டியதுதான்."

"கால் கட்டைவிரல் இருக்கே. அதை எடுத்துக் கையில வைக்கலாம்" என்றாள் சுன்னிவா.

"கால் விரலையா? கையிலயா? ஏம்மா, இந்த ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல்லயே பூட்ஸைக் கழட்டணும். என் சாக்ஸைப் பார்த்து ஆளாளுக்குச் சிரிப்பான்."

"சிரிச்சா ஒரு குத்து விடுங்க. கட்டைவிரல் இருந்தாத்தான் முஷ்டி பிடிக்க முடியும்."

அவர் தலையாட்டிச் சம்மதித்தார். காபி கூடாது, உதட்டுக்கடியில் ஒதுக்கும் ஸ்னூஸ் புகையிலையும் கூடாது, இரண்டும் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும் என்று அவள் சொன்னபோது மட்டும் புலம்பினார். "அதுக்கு என்னையும் அந்த ஐஸ் பெட்டியிலயே போட்டிருக்கலாம்."

காலையில் தொடங்கிய ஆபரேஷன் மாலையில் முடிந்தது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாய்களை இணைத்தாள். ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிளிப்பை எடுத்ததும் வெளுத்துக் கிடந்த விரல் சிவந்து வந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிஷம் எனக்கு அலுக்காது.

சில நாள் கழித்து, காலையில் கட்டு மாற்றப் போனவள் பதறிவிட்டேன். விரல் மெழுகுபோல் வெளுத்துச் சில்லிட்டிருந்தது. சுன்னிவாவைக் கூப்பிட்டேன். ஓடி வந்து விரலைத் தொட்டவள், அடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள். மேலுதடு ஒரு பக்கம் புடைத்திருந்தது.

"வாயைத் திறங்க."

டோர்லைவ் திருட்டு முழி முழித்தார். "ஒட்வார் பாவம் பார்த்துக் கொடுத்தான். ஒரு சிட்டிகைதான்..."

"அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் மண்டைக்குள்ள என்ன, மீனா இருக்கு?" என்று கத்தினாள். அவள் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் புகையிலையைத் துப்பினார். "படகு போயிடுச்சா?" என்று கேட்டார். எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"தியேட்டரைத் தயார் பண்ணு, வென்கே" என்றாள் சுன்னிவா என்னிடம்.

மறுபடி திறந்தோம். குழாய் சுருங்கி, உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. கட்டியை எடுத்து, கெட்ட பகுதியை வெட்டி, முதலிலிருந்து தைத்தாள். கிளிப்பை எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெதுவெதுப்பான உப்புநீரை நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன், ஒட்வாரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இருந்தேன். ஊற்றி ஊற்றி என் கை மரத்துப்போன பிறகு, நகத்தடியில் லேசாகச் சிவப்பு ஏறியது. சுன்னிவா கையுறையைக் கழற்றினாள்.

பனி உருகியபின் டோர்லைவ் பரிசோதனைக்கு வந்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து வட்டமான ஸ்னூஸ் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். சுன்னிவாவின் முகம் சிவந்தது.

"இருங்க, இருங்க" என்றார். டப்பாவை எடுத்து, புதுக் கட்டைவிரலால் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே புகையிலை இல்லை. தூண்டில் முட்கள். ஒன்றை அந்த விரலால் பிடித்துக்கொண்டு, நைலான் நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு அவளிடம் நீட்டினார். "படகை விக்கல. இப்போ எல்லா முள்ளையும் நானே கட்டறேன்."

சுன்னிவா நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். இன்னும் பலமாக இழுத்தாள். முடிச்சு அசையவில்லை.

"வென்கே, இந்த விரலை வச்சது நான்தான்!" என்றாள், வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.