லாடோவாவில் எல்லாம் பரவாயில்லை

வெர்லா ஹவ்லிச்செக் இறந்த வாரம், ஊர்ப் பத்திரிகை அவளைப் பற்றி ஒரு பத்தி எழுதியது. சமூகக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்த்தாள், தேவாலயத்தில் பியானோ வாசித்தாள், குறுக்கெழுத்துப் புதிர் என்றால் உயிர், அமைதியாகக் காலமானாள். கடைசித் தகவலைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லாடோவா போன்ற ஊர்களில் யாரும் அமைதியாக அல்லாமல் வேறு எப்படியும் காலமாவதில்லை. சாவில் மட்டுமல்ல, வாழ்விலும் அங்கே யாருக்கும் குறை கிடையாது. ஆலங்கட்டி மழை வந்து மொத்தச் சோளத்தையும் நாராகக் கிழித்துப் போட்டிருக்கும்; களஞ்சியத்தின் கூரை அடுத்த மாவட்டத்தில் கிடக்கும். "எப்படிப்பா இருக்கு?" என்றால், "பரவாயில்லை, மழை வேண்டியதுதானே" என்பார்கள். புருஷன் பக்கத்து வீட்டுக்காரியோடு கொலராடோவுக்கு ஓடியிருப்பான். "எப்படிம்மா இருக்கே?" என்றால், "பரவாயில்லை, கழுவுற பாத்திரம் குறைஞ்சிருக்கு" என்று பதில் வரும்.

கெட்ட ஊர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டில் துக்கம் என்றால் பொழுது சாய்வதற்குள் வாசலில் தட்டுகள் வந்து இறங்கிவிடும். எல்லாத் தட்டிலும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட ஒரே பண்டம். தட்டின் அடியில் கொடுத்தவர் பெயர் ஒட்டியிருக்கும், மறக்காமல் திருப்பித் தருவதற்காக. லாடோவாக்காரர்கள் தைரியமாகத் தங்கள் பெயரை எழுதும் இடம் அது ஒன்றுதான்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் வெர்லா, பெற்றோரைப் பிரிந்து தனியாக நிற்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு விதியை எழுதினாள். பொதுவாகப் படிப்புக்கு அரசு உதவி கேட்கும் பிள்ளைக்குப் பெற்றோரும் சேர்ந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும், வருமான விவரம் தர வேண்டும். பெற்றோர் அடித்து விரட்டியிருந்தால்? அப்போது கல்லூரியே விசாரித்து, இந்தப் பிள்ளை தனியாள் என்று முடிவு செய்யலாம். எப்போதோ ஒரு தணிக்கைக்காரர் வந்து, இதற்குச் சான்று போதாது என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போனார். அன்று வெர்லா கல்லூரியின் விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் சேர்த்தாள்: பாதிரியார், ஆசிரியர், மருத்துவர் போன்ற பெரிய மனிதர்கள் இருவரிடமிருந்து கடிதம் வாங்கி வர வேண்டும்.

பக்கம் மிக அழகாக அமைந்துவிட்டது. கையெழுத்தே போடாத ஊரில் இரண்டு கையெழுத்து. அதன் பிறகு தணிக்கையில் ஒரு குறையும் வரவில்லை. வராது. கடிதம் கொண்டுவரும் பிள்ளைகளே வரவில்லையே.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாஷிங்டனில் விதிகளை எளிமையாக்கினார்கள். எளிமை சும்மா வருமா? விளக்கக் குறிப்புகளோடு வந்தது. விளக்கத்துக்குத் திருத்தம் வந்தது, திருத்தத்துக்கு விளக்கம் வந்தது. வெர்லாவின் மேசையில் எளிமை ஒரு கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்றது. அதற்கு நடுவே, யார் கண்ணுக்கும் படாத மாதிரி ஒரு நல்ல காரியமும் கிடந்தது: பிள்ளையை உட்காரவைத்துப் பேசி, அது சொன்னதை எழுதி வைத்தாலே போதும். அதுவே சான்று.

அதைக் கண்டுபிடித்தவர் புது இயக்குநர் வின்ஸ் டெலூக்கா. நியூஜெர்சிக்காரர், வெர்லாவுக்கு மகன் வயது. காப்பி ஆறிப்போனால்கூட அடுத்த கட்டடத்துக்குக் கேட்கிற மாதிரி குறை சொல்லக்கூடியவர். லாடோவா அவரை, வாசலில் கட்டியிருக்கும் பெரிய நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"வெர்லா, விதி தெளிவா இருக்கு. பேசுங்க, எழுதுங்க, முடிவு பண்ணுங்க. உங்க ரெண்டு கடிதத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

"தணிக்கைக்காரங்க வந்து கேட்டா?"

"நான் பதில் சொல்றேன்."

"அதுக்குள்ள நீங்க வேற காலேஜுக்குப் போயிருப்பீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க. நல்ல மனுஷங்க. வருஷா வருஷம் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்புறாங்க."

புது விதியின் கீழ் முதலில் வந்தவள் கீலி பிராண்ட். செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உதவி உறுதியாகாவிட்டால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அம்மா கணினியில் சம்மதம் தர வேண்டும், தர மாட்டாள். அம்மாவின் இரண்டாவது கணவர் தரவிட மாட்டார். அவர் லாடோவாவின் தீயணைப்புப் படைத் தலைவர். கோடையில் காய்ந்த வயல் பற்றிக்கொண்டால் ஓடி வருகிற மனிதர். அவருக்கு எதிராக எந்தப் பாதிரியார் கடிதம் எழுதுவார்? பாதிரியாருக்கும் களஞ்சியம் இருக்கிறது.

வெர்லா அவளை, நகல் எடுக்கும் காகிதம் அடுக்கிய சின்ன அறையில் உட்காரவைத்தாள். கதவைச் சாத்தினாள். இருவருக்கும் கூச்சத்தில் முகம் சிவந்தது. அடுத்தவர் வீட்டு விஷயத்தை வாய்விட்டுக் கேட்பது லாடோவாவில் உடுப்பில்லாமல் கடைக்குப் போவதற்குச் சமம்.

"வீட்டுல நிலைமை எப்படிக் கண்ணு?"

"பரவாயில்லை மேடம்."

"அம்மாவோட வீட்டுக்காரர்... கோவம் வருமோ?"

"எல்லாருக்கும் வர்றதுதானே மேடம். பரவாயில்லை."

"அம்மா பேசறாங்களா?"

"அவங்களுக்கு வேலை ஜாஸ்தி."

"இப்ப எங்க தங்கியிருக்கே?"

"இடம் இருக்கு மேடம். பரவாயில்லை, சமாளிக்கிறேன்."

இதைவிடப் பயங்கரமான வாக்குமூலத்தை வெர்லா கேட்டதில்லை. சொன்னது சொன்னபடி எழுதி, தேதி போட்டு, வின்ஸிடம் கொண்டுபோய் வைத்தாள்.

வின்ஸ் படித்தார். புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு வீட்டுல ஒரு பிரச்சனையும் இல்லையே!"

"மூணு தடவை பரவாயில்லைன்னு சொல்லியிருக்கா வின்ஸ்."

"நானும் அதைத்தானே சொல்றேன்!"

"ஒரு தடவை சொன்னா சுமாரா இருக்குன்னு அர்த்தம். மூணு தடவை சொன்னா வீடு பத்தி எரியுதுன்னு அர்த்தம்."

"அது எங்க எழுதியிருக்கு? நாளைக்கு இதைப் படிக்கப்போறவனுக்கு லாடோவா பாஷை தெரியுமா? 'வீட்டில் நிலைமை பரவாயில்லை, ஆகையால் பெற்றோரிடமிருந்து விடுவிக்கிறோம்'னு நான் கையெழுத்துப் போட்டா, பைத்தியக்காரன்னு சொல்ல மாட்டானா?" வின்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல இந்நேரம் நாலு பக்கம் கத்தியிருப்பாங்க. இங்க எல்லாருக்கும் என்னதான் வியாதி?"

வியாதிக்குப் பெயர் வெர்லாவுக்குத் தெரியும். இத்தனை வருடமும் மருந்து சாப்பிடாமல் அவளும் அதை வளர்த்துக்கொண்டிருந்தவள்தான்.

வியாழக்கிழமை மதியம் கல்லூரி உணவகத்தில் காரமான பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும். இந்த இரண்டையும் சேர்த்துத் தின்பது ஏன் என்று வின்ஸ் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார். கீலி ஒரு மூலையில் உட்கார்ந்து ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை வழித்தாள். பிறகு பக்கத்து மேசைகளில் யாரோ விட்டுப்போன பிஸ்கட் பொட்டலங்களை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவசரமில்லாமல், வழக்கமாகச் செய்கிறவள்போல.

வெர்லா எதிரில் போய் உட்கார்ந்தாள். பேனாவை எடுக்கவில்லை.

"கண்ணு, நான் இந்த ஊர்ல எல்லார்கிட்டயும் ஒரு பொய் சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக்காரர் எல்டன் படுக்கையில கிடந்தப்ப, எப்படி இருக்குன்னு கேட்டவங்க எல்லார்கிட்டயும் பரவாயில்லைன்னேன். அவரு மூச்சுக்குத் தவிப்பாரு. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, வாய்ல துண்டை அடைச்சுக்கிட்டு அழுவேன். சீக்கிரம் செத்துத் தொலைங்களேன்னு அவரைப் பார்த்து ஒரு நாள் சொல்லிட்டேன். அவரு காதுல விழுந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் வாசல்ல மூணு தட்டு. உருளைக்கிழங்கு. அதைக் கண்டாலே இன்னைக்கு வரைக்கும் எனக்குக் குமட்டும்."

கீலி கரண்டியைக் கீழே வைத்தாள். "தேவாலயத்துல ஒரு தடவை பாதிரியார்கிட்டச் சொல்லப் போனேன் மேடம். பாதி சொல்றதுக்குள்ள எழுந்து போயிட்டாரு. திரும்பி வர்றப்ப கையில அந்தத் தட்டு."

"உருளைக்கிழங்கா?"

"உருளைக்கிழங்கு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நின்ற இடத்திலிருந்து அவள் சொல்லத் தொடங்கினாள்.

"ஜனவரியில பூட்டை மாத்திட்டாரு. நான் வேலை முடிஞ்சு வர்றேன், சாவி நுழையல. அம்மா ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. கையை ஆட்டினாங்க."

"வான்னா, போன்னா?"

"ரெண்டும் இல்ல மேடம். ஊருக்குப் போறவங்களுக்கு டாட்டா காட்டுவோமில்ல, அந்த மாதிரி. அதுலேர்ந்து கார்லதான் தூங்கறேன். காலேஜ் ஜிம்முல குளிச்சுக்கறேன்." சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினாள். "இது அதுக்கு முன்னாடி."

வெர்லா பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொள்வதுதான் ஊர் மரியாதை. அவள் திருப்பவில்லை.

"இதை நான் எழுதலாமா?"

"யாரு படிப்பாங்க?"

"வின்ஸ் படிப்பாரு. என்னைக்காவது தணிக்கைக்காரங்க படிப்பாங்க. லாடோவாவுல வேற ஒருத்தர் கண்ணுலயும் படாது."

"அப்ப எழுதுங்க. நல்லாப் புரியற மாதிரி எழுதுங்க மேடம்."

அன்று பிற்பகல் வின்ஸ் அதைப் படித்தபோது, நியூஜெர்சி வரலாற்றிலேயே நீண்ட மௌனம் ஒன்று நிலவியது. பிறகு கையெழுத்துப் போட்டார்.

"ஜனவரியிலயா? அந்தக் குளிர்லயா?"

"குளிர் பரவாயில்லைதான்" என்றாள் வெர்லா. வின்ஸ் முகம் சுருங்கியது. இந்த முறை அவருக்குப் புரிந்துவிட்டது.

கீலிக்கு இடம் நிலைத்தது. தங்குவதற்கு வெர்லாவின் மாடியறையும் கிடைத்தது. அதற்கு எந்த விதியும் தேவைப்படவில்லை. மறுநாள் வெர்லா விதிப் புத்தகத்தில் தன் அழகிய பக்கத்தைத் தேடி எடுத்தாள். கடிதம் வாங்க முடியாமல் வாசலோடு திரும்பிப்போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. வராதவர்களுக்குப் பதிவேடு கிடையாது. அந்தப் பக்கத்தைக் கிழித்தபின் அவள் வெகுநேரம் காகித அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். வாயில் துண்டு எதையும் அடைத்துக்கொள்ளவில்லை என்பது வெளியில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஊர் அவளைக் கண்டு பயப்பட ஆரம்பித்தது. மளிகைக் கடையில் யாராவது பழக்கதோஷத்தில் "எப்படி இருக்கீங்க வெர்லா?" என்று கேட்டுவிட்டால், அவள் வண்டியை நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்வாள். முழங்கால் வலி, தனிமை, எல்டன் மேல் இருந்த கோபம், தன் மேல் இருக்கும் கோபம். கேட்டவர்கள் தக்காளிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். மூளையில் ஏதோ கோளாறு என்று பேச்சு கிளம்பியது. இரக்கப்பட்டுத் தட்டுகள் அனுப்பினார்கள்.

வின்ஸ் வேறு கல்லூரிக்குப் போனார், கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பினார். தணிக்கைக்காரர்கள் வந்தார்கள், கீலியின் தாளைப் படித்தார்கள், ஒன்றும் சொல்லாமல் மூடிவைத்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து வெர்லாவின் கணையத்தில் கட்டி வந்தது. ஊருக்கு ஒரே மருத்துவமனை. அங்கே பகல் நேரச் செவிலி கீலி. கடைசி வாரத்தில் ஒரு காலை, வலி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். அத்தனை வருடம் உண்மை பேசிப் பழகிய வாயிலிருந்து, பலவீனம் பார்த்துப் பழைய வியாதி வெளியே வந்தது.

"பரவாயில்லை கண்ணு."

கீலி பேனாவை மூடினாள். "அதை நான் எழுத முடியாது. படிக்கிற டாக்டர் வெளியூர்க்காரரு. புரியற மாதிரி சொல்லுங்க."

வெர்லா அவளைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அந்தச் சத்தம் நடைபாதையின் கடைசி அறைவரை கேட்டது. வாசலில் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அதன் பிறகு இருந்த சில நாட்களும் வலித்தபோதெல்லாம் வலிக்கிறது என்று கத்தினாள், பயந்தபோது பயமாக இருக்கிறது என்று கீலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்திரிகைக்காரர் இதையெல்லாம் கேட்டு எழுதவில்லை. அவரிடம் வாக்கியம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலய நிலவறையில் சாப்பாடு. பாதிரியார் கீலியின் அருகில் வந்து தோளைத் தட்டினார்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்படலையேம்மா?"

"கஷ்டப்பட்டாங்க ஐயா. சொன்னாங்க. அதனாலதான் மருந்து குடுக்க முடிஞ்சுது."

பாதிரியார் சுற்றுமுற்றும் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. பக்கத்து மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"உருளைக்கிழங்கு எடுத்துக்கோம்மா."

"வேண்டாம் ஐயா" என்றாள் கீலி. "எனக்கு அது பிடிக்காது."