ஊதச் சொன்ன செயலாளர்

கடையில் தீப்பெட்டி வாங்கினால் குச்சியை எண்ணிப் பார்க்கிற ஆள் சோமசேகரன். பள்ளிக்கூட குமாஸ்தா. காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் காணும் பொங்கலன்று நடக்கும் சடுகுடுப் போட்டிக்கு அவர்தான் செயலாளர். எழுபத்து மூன்றில் அவர் அதை ஆரம்பித்தபோது மன்னார்குடி, கும்பகோணம் என்று பதினாலு ஊர் அணிகள் வந்தன. ஆட்டத்தோடு, அவர் மனைவி சௌந்தரவல்லி வைக்கும் மீன் குழம்பும் அவர்களை இழுத்தது.

மறுவருஷம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு திரும்ப வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் சாராயக் கடைகள் திறந்தே இருந்தன. "இவனுங்க ஆட வரல, குடிக்க வரானுங்க" என்று அவருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அடுத்த பொங்கலிலிருந்து வெளியூர் ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் அவர் மூக்குக்கு நேரே ஊதிவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. ஒருவன் வாயும் நாறவில்லை. "ஏலக்காய் மென்னிருப்பானுங்க" என்றார் மனுஷன். வருஷத்துக்கு வருஷம் அணிகள் குறைந்தன.

எழுபத்தெட்டில் ஒரு அணியும் வரவில்லை. கோடு போட்ட களத்தில் ஆடு படுத்திருந்தது. எல்லாரும் பக்கத்து ஊர் சுரக்குடியில் ஆடுகிறார்கள் என்று செய்தி வந்தது. சாராயம் ஊற்றித்தான் இழுத்திருப்பார்கள் என்று கறுவிக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

அங்கே வரப்போரத்தில் மன்னார்குடி அணித் தலைவன் முத்தையன் லோட்டாவில் எதையோ குடித்துக்கொண்டிருந்தான். சோமசேகரன் பாய்ந்து பிடுங்கி மோந்து பார்த்தார். நீர்மோர்.

முத்தையன் சிரிக்கவில்லை. "அக்கா வைக்கிற கொழம்ப நெனச்சா இப்பவும் நாக்கு ஊறுது சார். ஆனா நாங்க ஆட வந்தவங்க. களவாணிப் பயலுவள மாதிரி ஊர் பாக்க நிக்க வச்சீங்களே, அத மறக்க முடியல."

லோட்டாவை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். தான் கட்டியதைத் தானே கலைத்துவிட்டோம் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார்.

வாசலில் ஆறிப்போன குழம்புச் சட்டியோடு சௌந்தரவல்லி நின்றாள். அவர் சிவந்த கண்ணைப் பார்த்தாள்.

"எங்க போனீங்க? கண்ணு ஏன் இப்புடி செவந்திருக்கு?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கிட்டே வந்தாள். "எங்க, ஊதுங்க பாப்பம்."

"நான் குடிக்கிறவனா வல்லி?" என்று பதறினார்.

"அந்தப் புள்ளைங்களும் இப்புடித்தானங்க பதறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் சட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.